பதினொன்றாவது கேள்வி

பிரசவ விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஊசியம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு கேள்விகளை எழுத உட்கார்ந்தாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வரிசையில் வந்து உட்காருகிறவர்களின் கையைத் தட்டி, நரம்பைத் தேடி, ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். வாடிக்கையாக வருகிற கிழவர்கள் வைத்த பெயர்தான் ஊசியம்மா. கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு அம்மா இல்லை. அவன் அம்மா மூத்த மகனோடு விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தாள். குழந்தைக்குப் பத்து மாதம். பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று அப்பன் ‘சுண்டு’ என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

காப்பகத்தில் இடம் கிடைக்க ஒரு வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே வழி. தங்கள் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்க அனுமதி வாங்கிய பெண்கள் இருந்தார்கள். நடந்து போகிற தூரத்தில் மூன்று வீடுகளில் இடம் இருந்தது. மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள்.

தாளில் பதினொரு கேள்விகள் சேர்ந்தன. பால் புட்டியை எப்படிக் கழுவுவீர்கள், வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா, ஜன்னலுக்குக் கம்பி உண்டா என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் கடைசிக் கேள்வியை எழுதத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது. இதுவரை உங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா?

“இதைக் கேட்டா யாராவது ஆமான்னு சொல்லுவாங்களா?” என்றான் கணவன்.

“சொல்ல மாட்டாங்க. ஆனா கேக்கும்போது மூஞ்சியப் பாக்கலாம்ல.”

முதல் வீட்டுக்காரி கேள்வி முடிவதற்குள் “சேச்சே, ஒண்ணும் இல்ல” என்றாள். அந்த வீட்டில் தரை நனைந்தே இருந்தது, மருந்து வாடை அடித்தது, குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்ததும், “டோக்கன் குடுக்க மறந்துட்டாங்க” என்றான் கணவன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீடு வேண்டாம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

இரண்டாவது வீட்டுக்காரி வாயும் மனசும் நிறைந்த பெண். சுண்டுவைப் பார்த்ததும் கையை நீட்டினாள், சுண்டுவும் தாவினாள். பதினொன்றாவது கேள்விக்கு அவள் சிரித்துவிட்டாள். “பன்னெண்டு வருஷமா பாக்குறேன். ஒரு கீறல் கிடையாது. வேணும்னா யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க.”

மூன்றாவது வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. கணவன் பொத்தானை அழுத்திப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, “கதவு சென்சார் போயிருக்கு, அரை மணி நேர வேலை” என்று முனகிக்கொண்டே ஏறினான். அங்கே இருந்தவளை அக்கம்பக்கத்தில் மாடி அக்கா என்பார்களாம். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியாக, தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். வீட்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் மட்டும் மேசைக்கடியில் படுத்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மாடி அக்கா குழந்தையை வாங்கக் கையை நீட்டவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு மரக்கரண்டியை எடுத்து, கிண்ணத்தில் மெல்லத் தட்டினாள். ஐந்து நிமிஷத்தில் சுண்டு தானாகவே இறங்கித் தவழ்ந்து போய்க் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பத்துக் கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில் வந்தது. பதினொன்றாவதைக் கேட்டதும் மாடி அக்கா கிண்ணத்தைக் குழந்தை பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“ஆகியிருக்கும்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் தூக்கத்துல போயிட்டான். ஏழு மாசம். அந்த ரூம்லதான்.”

கணவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

“போலீஸ் வந்தாங்க, டாக்டருங்க பாத்தாங்க. யார் மேலயும் தப்பு இல்ல, சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகுறதுண்டுன்னு எழுதிக் குடுத்தாங்க. நாலு மாசம் கழிச்சு அனுமதியும் திரும்பக் குடுத்தாங்க. அந்தக் காகிதம் இருக்கு, காட்டட்டுமா?”

“வேண்டாங்க” என்றாள் ஊசியம்மா.

“வர்றவங்க எல்லாருகிட்டயும் சொல்லிடுவேன். அப்புறம் தெரிஞ்சா நல்லா இருக்காது.”

படியில் இறங்கும்போது கணவன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தெருவுக்கு வந்த பிறகு, “ரெண்டாவது வீடு” என்றான். அவளும் தலையாட்டினாள். அந்த வீட்டிலேயே சேர்த்தார்கள்.

ஆறு வாரம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, வலது காலில், முழங்காலுக்குக் கீழே, சிவந்து பொங்கியிருந்ததை ஊசியம்மா பார்த்தாள். மறுநாள் கேட்டபோது, “கொசு கடிச்சிருக்கும், எங்க வீட்டுல இப்ப கொசு ஜாஸ்தி” என்றாள் அந்தப் பெண். ஊசியம்மா காலமெல்லாம் தோலைப் பார்த்துப் பிழைக்கிறவள். கொப்புளத்தின் ஒரு ஓரம் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் ஓரம்.

“கொசு நேர்கோட்டுல கடிக்காதுங்க.”

“அப்ப உங்க வீட்டுல பட்டிருக்கும். இங்க எதுவும் ஆகல. பன்னெண்டு வருஷமா பாக்குறேன்.”

சுட்டுவிட்டது, கவனிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் ஊசியம்மா ஒரு மூச்சு அழுதுவிட்டு மறுநாளும் கொண்டுபோய் விட்டிருப்பாள். ஆனால் அந்தப் பெண் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பையை வாங்கிக்கொண்டு வந்தவள் திரும்பப் போகவில்லை.

இரண்டு நாள் அவள் லீவு போட்டாள், ஒரு நாள் அவன் போட்டான். மூன்றாம் நாள் சாயங்காலம் அவன்தான் சொன்னான்: “அந்த மாடிக்குப் போய்ப் பாரு.”

“நீங்கதானே வேணாம்னீங்க.”

“அந்தம்மா சொல்லுச்சுல்ல. கேட்டதுக்குச் சொல்லுச்சு. மத்தவங்க யாரு சொன்னா?”

மாடி அக்கா ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. “திங்கக்கிழமை கூட்டிட்டு வா” என்றாள்.

சுண்டுவுக்கு அந்த வீடு ஒட்டிப்போயிற்று. முதல் அடி எடுத்துவைத்தது அங்கேதான். மாடி அக்கா அதைத் தான் பார்த்ததாகச் சொல்லாமல், “இன்னைக்கு வீட்டுல நடக்க விட்டுப் பாரு” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பனும் அம்மாவும் அதைத் தாங்கள்தான் முதலில் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் குழந்தை நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே வந்தாள். கண் சிவந்திருக்கும். வீட்டுக்கு வருகிற வழியிலேயே அம்மா தோளில் சுருண்டு விடுவாள். எழுந்தால் ஓயாத நச்சரிப்பு. தன் தலைமுடியைத் தானே பிய்த்துக்கொண்டாள். டாக்டர் காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு, “பகல்ல தூங்குறாளா?” என்று கேட்டார். தூங்குகிறாள் என்றுதான் ஊசியம்மாவுக்குத் தெரியும்.

ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தில் மெஷின் பழுதாகி மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அவள் மாடி ஏறிப் போனபோது கதவு தாழிடாமல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மேசைக்கடிப் பையன் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவான். திரை போட்ட அறையில் தொட்டில்கட்டில். அதில் சுண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்ன முக்காலியில் மாடி அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நோட்டு.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். குனிந்து குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தாள். அதோடு விடவில்லை. உள்ளங்காலை நிமிண்டினாள். குழந்தை அசையாததால் இன்னும் அழுத்தி நிமிண்டினாள். சுண்டு தூக்கிப் போட்டு விழித்து வீறிட்டாள். “சரிடா, சரிடா, இருக்கியா, இருக்கியா” என்று தட்டிக்கொடுத்தாள். குழந்தை விசும்பி விசும்பி மறுபடி கண்ணை மூடியதும் நோட்டில் எதையோ எழுதினாள்.

ஊசியம்மா அருகில் போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. பன்னிரண்டு ஐம்பது. ஒன்று. ஒன்று பத்து. பக்கம் பக்கமாக இதே மாதிரி.

மாடி அக்கா நோட்டை மூடவில்லை. திடுக்கிடவும் இல்லை. “ரெண்டு நிமிஷம் விட்டாலே இருப்புக் கொள்ளலம்மா” என்றாள். “பத்து நிமிஷம்னு வச்சிருக்கேன். அதுக்கே உயிர் போயிட்டு வருது.”

“அக்கா, அவ தூங்கவே இல்லக்கா. ஒரு மாசமா தூங்கல.”

“தெரியும்.”

“நீங்க எந்த டாக்டர்கிட்டயாவது காட்டினீங்களா?”

“காட்டினேன். மாத்திரை குடுத்தாங்க. அதப் போட்டா எனக்குத் தூக்கம் வருது. நான் தூங்கிட்டா யாரு பாக்குறது?” பேசிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். “நீ ரெண்டாவது ஆளு. போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் வந்து பாத்தா. கத்திட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா. நீயும் கத்து, பரவாயில்ல.”

ஊசியம்மாவுக்குக் கத்த வரவில்லை. தூக்கத்தில் போன அந்தப் பையன் அன்றைக்கு எவ்வளவு நேரம் தூங்கினான் என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நாப்பது நிமிஷம். நான் சமையக்கட்டுல பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். நல்ல வேளை, இன்னைக்கு நல்லாத் தூங்குறான்னு நெனச்சேன்.”

அந்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வேறு வீடு தேடலாம். தேடினால் அங்கே என்ன இருக்குமோ. கடைசியில் ஊசியம்மா கூடத்தில் போய், விடிகாலை ஐந்தரைக்கு வந்து பதினொன்றரைக்குப் போகிற ஷிப்ட் கேட்டாள். அதை வாங்கினால் அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி வராது. வரவில்லைதான். அவளிடம் வேலை கற்றுக்கொண்டவள் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மணிக்குக் கணவன் குழந்தையை மாடியில் விடுவான். பதினொன்றே முக்காலுக்கு, தூக்க நேரத்துக்கு முன்னால், ஊசியம்மா வந்து எடுத்துக்கொள்வாள். விழித்திருக்கிற குழந்தையை மட்டும் மாடி அக்கா பார்த்துக்கொள்வாள்.

இதைச் சொன்னபோது மாடி அக்காவுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அவ்வளவு கஷ்டப்பட்டு என்கிட்டயே எதுக்கும்மா விடணும்?” என்றாள்.

“உங்ககிட்ட இருக்கும்போது அவ சிரிக்கிறாக்கா.”

ஐந்து வாரம் அப்படி ஓடியது. சுண்டு வீட்டில் மத்தியானம் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். கன்னம் மறுபடி உப்பியது.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்துக்குப் போன் வந்தது. குழந்தைக்கு உடம்பு சுடுகிறது, தோளில் போட்டுத் தட்டும்போதே தூங்கிவிட்டாள் என்று மாடி அக்கா சொன்னாள். “நீ வர்ற வரைக்கும் எறக்க மாட்டேன்.”

வரிசையில் பதினேழு பேர் இருந்தார்கள். கணவன் ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு லிஃப்ட் குழிக்குள் இருந்தான், போன் எடுக்கவில்லை. மாற்று ஆள் வந்து, ஊசியம்மா பஸ் பிடித்து, நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது பதினொன்று இருபது.

மாடி அக்கா அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சுண்டு அவள் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கடிப் பையன் அவள் காலடியில் ஓசையில்லாமல் பஸ்ஸை உருட்டிக்கொண்டிருந்தான். அக்காவின் கழுத்தெல்லாம் வேர்வை.

“உக்காரலாம்லக்கா.”

“உக்காந்தா முழிச்சுக்குவா.”

“எழுப்பினீங்களா?”

“இல்ல.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “மூச்சு கழுத்துல படுது. நோட்டு எழுதல. கை ஒழியல.”

ஊசியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் மாடி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பையன் பயந்துபோய், தன் பஸ்ஸைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். ஊசியம்மா சுவரோரம் சாய்ந்து நின்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவாவது கை வேண்டும். கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மாடி அக்காவுக்குக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மறுநாள் அவளே, “நேத்து மாதிரி இன்னொரு தடவ என்னால முடியாது, சொல்லிட்டேன்” என்றாள். காலை நேரம் மட்டும் மேலும் எட்டு மாதம் நடந்தது. பிறகு காப்பகத்தில் இடம் வந்தது, மேசைக்கடிப் பையனும் பள்ளிக்குப் போய்விட்டான். அடுத்த வாரமே மாடி அக்கா அனுமதிக் காகிதத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறாள்.

போன மாதம் ஊசியம்மாவும் சுண்டுவும் அவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தார்கள். சுண்டுவுக்கு மூன்றரை வயது. யாரென்று தெரியாமல் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“அத்தைக்கு வணக்கம் சொல்லு” என்று ஊசியம்மா முன்னால் இழுத்தாள்.

“விடும்மா, எப்படி ஞாபகம் இருக்கும்” என்றாள் மாடி அக்கா. குனிந்து, குழந்தையின் செருப்பு வாரை இழுத்து மாட்டிவிட்டாள். நிமிர்ந்ததும் அவள் பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும்வரை அவள் சுண்டுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.