எதிர்க்கட்சி ஜீப்

காலை ஒன்பது மணிக்குள் தனசேகரனின் வாக்காளர் பட்டியலில் எண்பத்தேழு பேருக்குச் சிவப்பு டிக் விழுந்திருந்தது. ராஜகிரி மலையடியில் இருந்த பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. சற்றுத் தள்ளி இரண்டு கட்சிகளும் பந்தல் போட்டிருந்தன. பட்டியலில் தன் கட்சி ஓட்டுக்குச் சிவப்புப் பென்சில், எதிர்க்கட்சி ஓட்டுக்கு நீலம். எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களுக்கு வெறும் கோடு. போன தேர்தலில் கட்சி இந்தத் தொகுதியில் தோற்றது நூற்றுச் சொச்சம் ஓட்டில். அதனால் பத்து மணிக்குள் சிவப்பு முழுக்க விழுந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. தாமதித்தால் அவர்கள் பெயரில் வேறு யாராவது போட்டுவிடுவார்கள்.

"எத்தினி தனசேகரு?" என்று பக்கத்துப் பந்தலிலிருந்து மஜீத் கத்தினான். கல்லூரியில் கூடப் படித்தவன். இப்போது எதிர்க்கட்சி.

"எண்பத்தேழு."

"எங்களுக்குத் தொண்ணூறு தாண்டிடுச்சு."

"பாதிப் பேரு சுடுகாட்டுலேர்ந்து எழுந்து வந்தாங்களா?"

இரண்டு பந்தலும் சிரித்தன.

கடைசி டிக், தனசேகரனின் மனைவி சாமுண்டீஸ்வரிக்கு. எட்டு மாதக் கர்ப்பிணி. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமும் பாதங்களும் வீங்கியிருந்தன.

"இன்னாங்க, தலை வெடிக்குது. கண்ணு மங்கலா இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"வரிசையில நின்ன அசதிதான். நம்ம வேன் ஆளுங்களக் கூட்டியாரப் போயிருக்குது. வந்ததும் போயிடலாம்."

மஜீத் எழுந்து வந்தான். "எங்க ஜீப்பு சும்மாதான் நிக்குது. தங்கச்சிய ஏத்து. முக்கா மணி நேரத்துல திண்டிவனம்."

தனசேகரன் வரிசையைப் பார்த்தான். யார் வண்டியில் ஏறினார்களோ அவர்களுக்கே ஓட்டு என்பது ஊர்க் கணக்கு. பந்தல் பொறுப்பாளன் மனைவியே எதிர்க்கட்சி ஜீப்பில் போனால் வரிசையில் நிற்கிற சிவப்பு ஓட்டுகள் கலைந்துவிடும்.

"வேணாம் மஜீத்."

"கொடியக் கழட்டிடறேன்யா."

"கழட்டினா மட்டும்? ஜீப்பு யாருதுன்னு ஊருக்கே தெரியும்."

"எதுல போனா இன்னாங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி. தனசேகரன் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினான். அவள் பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

வேன் பத்தரைக்கு வந்தது. பதினாலு பேர் இறங்கினார்கள். பதினாலு பேருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தனசேகரன் பின்பக்கம் போனான். அவள் மண்ணில் கிடந்தாள். கை கால் இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. திண்டிவனம் போகும் வழியிலேயே இரண்டு உயிர்களும் போய்விட்டன.

கட்சி ஜெயித்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒன்றியச் செயலாளர் தனகோட்டி வந்தார். படத்துக்கு மாலை போட்டார். தனசேகரனின் தோளில் கை வைத்தார்.

"உன் பூத்துல பத்து மணிக்கே முந்திட்டோம்பா. தலைவர் வரைக்கும் சொல்லியிருக்கேன். அடுத்த தேர்தலுக்கும் பட்டியல் உன் கையிலதான்."

மஜீத் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றிருந்தான். தனசேகரன் போய் அவன் கையைப் பிடித்து அழைத்து வந்து, செயலாளருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"வேற ஆளப் பாருங்கண்ணே. அன்னிக்கு இவன் ஜீப்புல ஏத்தக் கூப்பிட்டப்போ, அவ எனக்குப் பொண்டாட்டியாத் தெரியல. வரிசையில நின்ன ஓட்டுதான் தெரிஞ்சுது. பட்டியல யாருகிட்ட வேணா குடுங்க. குடுக்கறப்போ இத மட்டும் சொல்லிடுங்க. ஓட்டுப் போடக் கட்சி பாக்கலாம். உசுரக் காப்பாத்த வர்ற வண்டிக்குக் கட்சி பாக்கக் கூடாது."