இலைக்குள் சிவப்பு

அலமாரியைத் திறந்து, கைக்கு முதலில் அகப்பட்ட சட்டையை உருவி மச்சினியிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"மாமா, அக்கா பச்சைச் சட்டையத்தான் போட்டுவிடச் சொன்னா. இது காப்பிப்பொடி கலரு."

"இது பச்சை இல்லயா?"

"இல்ல. தள்ளுங்க, நானே எடுத்துக்கறேன்."

கூடத்தில் அவன் மனைவி கிடந்தாள். பொழுது விடிந்து, பால்காரன் வந்துபோன பிறகுதான் உயிர் போயிருந்தது. மச்சினி சட்டையோடு போய்க் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெறும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டான்.

சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரே நிறம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவனுக்குக் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தால் போதும், பிழைப்பு ஓடிவிட்டது. வெளி ஆட்களிடம் இதைச் சொல்லிக்கொள்வதும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவனுக்கு வாய்த்தவள் நிறத்தையே தொழிலாக வைத்திருந்தாள். கம்ப்யூட்டரிலேயே படம் செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் இலை, கொடி, பூவிதழ் எது வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் போகும். பின்னாலிருந்து வெயில் அடித்தால் வெளிச்சம் இலைக்குள் எப்படி இறங்கி, உள்ளேயே கொஞ்சம் அலைந்துவிட்டு, இந்தப் பக்கம் எப்படிக் கசிந்து வரும் என்பதை எண்களை மாற்றி மாற்றிப் பிடித்துவிடுவாள். அங்கே அவளுக்குப் பெயரே இலைக்காரி. சொந்தக்காரர்கள் யாராவது, "போயும் போயும் இவனப் பிடிச்சியே" என்று கிண்டல் பண்ணினால், "நான் பண்ற தப்பு எதுவும் இவன் கண்ணுக்குத் தெரியாது, வேற என்ன வேணும்?" என்று சிரிப்பாள்.

வேலையில் அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. இலையை ஒருநாளும் இலையாக ஆரம்பிக்க மாட்டாள். மனிதத் தோலுக்குப் போட்டுவைத்த கணக்கைத்தான் முதலில் எடுப்பாள். "வெளிச்சத்துக்குத் தோலும் இலையும் ஒண்ணுதான். உள்ள ரத்தம் இருக்கா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்" என்பாள். தடிமன், ஆழம், நரம்பு எல்லாம் படிந்து வந்த பிறகு, கடைசியில்தான் சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையைக் கொண்டுவருவாள். சாப்பாட்டில் பிடித்ததைக் கடைசி வாய்க்கென்று ஒதுக்கி வைக்கிற குழந்தைபோல அந்த வேலையை ஒதுக்கி வைத்திருப்பாள்.

தலைக்குள் வளர்ந்த கட்டி முதலில் அவளிடமிருந்து எழுத்துகளைப் பிடுங்கியது. அப்புறம் முகங்களை. கடைசியாக எடுத்துக்கொண்டிருந்த காட்சியில் காடு முழுக்க இலைதான். அது பாதியில் நின்றது.

"கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இது ஒண்ண நானே முடிச்சிட்டுப் போறேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

நோவெடுக்கும் அந்தத் தலையில் எப்படி அடிப்பது? மெல்லக் கையை வைத்து எடுத்தான். மேஜையைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்களைச் சொன்னாள், அவன் தட்டினான்.

"வெளிச்சம் உள்ள இறங்குதா?"

"இறங்குது."

"நடு நரம்புகிட்ட?"

"அங்க மட்டும் இருட்டா இருக்கு."

"அப்படித்தான் இருக்கணும். அட மண்டு, நல்லாத்தான் பாக்குறே!"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுடைய வேலைக்குள் அவன் காலெடுத்து வைத்தது அந்த நாட்களில்தான். வீட்டு வாசலில் சாவு நிற்கிறது என்று தெரிந்தும் அவன் சந்தோஷமாக இருந்தான்.

ஒரு சாயங்காலம், "நிறம் மட்டும்தான் பாக்கி. தலை சுத்துது, காலைல சொல்றேன்" என்று படுத்தாள். காலையில் நாக்கு தடித்துவிட்டது. எண்ணெல்லாம் எங்கோ போய்விட்டது. காற்றில் கையைத் துழாவி, "அனுப்பிட்டியா?" என்றாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அனுப்பிட்டேன்" என்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதையும் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"நல்லா வந்திருக்கா?"

"அச்சு அசல் இலை."

அவள் முகம் தளர்ந்து, தூங்கிப்போனாள். சொன்ன பொய்யை நிஜமாக்கியாக வேண்டும், சத்தியத்தால் வேறு யாரிடமும் காட்டிக் கேட்கவும் முடியாது. வாசலோரச் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வந்து, ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தான். அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, நிறத்தை இம்மி இம்மியாக நகர்த்தினான். ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுகிற கண் என்று அச்சகத்தில் பெயரெடுத்தவன் அல்லவா, தன்மேல் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததும் அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எதைப் பற்றியுமே கேட்கவில்லை.

துக்கம் கேட்க வந்த ஸ்டுடியோ சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்தார். நரைத்த தாடி, அழுது சிவந்த மூக்கு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார்.

"இன்னிக்கு சொல்லக் கூடாதுதான் சார். வேற யார் வாயிலயாவது கேட்டீங்கன்னா இன்னும் கஷ்டமாயிடும். மேடம் அனுப்புன கடைசிக் காட்சிய மாத்த வேண்டியதாப் போச்சு."

"ஏன்?"

"இலையெல்லாம் காது மடல் மாதிரி வந்திருந்துச்சு. காடு பூரா சதை. தோல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க இல்லையா, அந்தச் சிவப்ப எடுக்கவே மறந்துட்டாங்க, பாவம். பாத்துட்டு நாங்க எல்லாருமே அழுதுட்டோம். இலைக்காரிக்கே இலை மறந்துபோச்சேன்னு..." அவர் மூக்கை உறிஞ்சினார்.

அவள் முகத்தில் தன் கையாலேயே கரியைப் பூசியிருக்கிறான். வாயைத் திறந்தால் சத்தியம் போயிற்று. திறக்காவிட்டால் அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே வரும்.

"அவ மறக்கல. நான்தான் பண்ணேன். அவளுக்குக் கண்ணு தெரியல. அவ சொல்லச் சொல்ல நான் தட்டுனேன். நிறத்த நானே வெச்சு அனுப்பிட்டேன்."

அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும் சார். நல்ல மனசு உங்களுக்கு. அவங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சரி, இதப் பாருங்க." போனை எடுத்து, இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து நீட்டினார். "ஒண்ணு அவங்களோடது, ஒண்ணு நாங்க மாத்துனது. சின்னப் பிள்ளைகூடத் தப்புன்னு சொல்லிடும். கண்ணு நல்லா இருக்கிற நீங்க இத அனுப்பியிருப்பீங்களா?"

அவன் போனைக் கையில் வாங்கினான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். மறுபடியும் இடப்பக்கம்.

"இதுல எது அவளோடது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவனுடைய விரல் ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றிருந்தது. தோளிலிருந்த அவர் கை மெதுவாகக் கீழே வந்தது.

"இடது பக்கம்" என்றார்.

"மாத்துனதுல அவ வெச்ச ஆழம் இருக்கா? நரம்பெல்லாம்?"

"இல்ல சார். எல்லாமே தப்பா இருக்கும்னு நினைச்சோம். தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து பண்ணிட்டோம்."

"நிறம் வைக்காமலே அனுப்பியிருந்தா?"

"அத விடுங்க சார்."

"சொல்லுங்க."

"நிறத்த மட்டும் நாங்க வெச்சிருப்போம். மத்ததெல்லாம் அவங்களோடதாவே இருந்திருக்கும்."

கூடத்துக் கதவு திறந்தது. அழுகை பெரிதாகி அடங்கியது. "மாமா, வண்டி வந்தாச்சு. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க" என்று மச்சினி கூப்பிட்டாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. இடப்பக்கப் படத்தின் ஓர் இலையை விரலால் பெரிதாக்கினான்.

"இந்த இருட்டு அவ சொல்லித்தான் வெச்சேன்" என்றான். "இந்தக் கிளை நரம்பும் அவ சொன்னதுதான். இதுவும். ஓரத்துல மெலிசா இருக்கு பாருங்க, அதுக்கு ஒரு நாள் பூரா எடுத்துக்கிட்டா."

பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. சூப்பர்வைசர் கையை நீட்டி அதைத் தொட்டு எரியவிட்டார். "இன்னும் எது சார்?" என்று கேட்டார்.