லிஃப்டுக்காரியின் எடை

யாராவது அறிவுரை சொன்னால் லிஃப்டுக்காரிக்கு அந்த நிமிடமே கால் கிலோ எடை கூடிவிடும். பத்து மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டை இயக்குகிறவள் என்பதால் இது சீக்கிரமே தெரிந்துபோனது. நாலாம் மாடிக் கணக்கர் ஏறி, "ராத்திரி சாப்பாட்டை விட்டுடும்மா, சரியாயிடும்" என்றார். உடனே அதிகச் சுமைக்கான மணி அலறியது. அவரை இறக்கிவிட்டுத்தான் லிஃப்ட் கிளம்பியது.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தது, தாடையில் முடி முளைத்தது, உச்சந்தலையில் கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மாமியார் தொலைபேசியில் சொன்னதும் கணக்கில் சேர்ந்தது. வாய் திறக்காத புருஷன் விட்ட பெருமூச்சுக்குக்கூட ஐம்பது கிராம் ஏறியது. அவள் பட்டினி கிடந்தாள். லிஃப்டை நிறுத்திவிட்டுப் படியேறினாள். கொஞ்சம் இளைத்தால், "பரவாயில்லையே, இன்னும் குறைங்க" என்று யாராவது பாராட்டி, குறைந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதலில் பார்த்த மருத்துவர் நிமிர்ந்தே பார்க்காமல், "எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்றார். படித்தவர் வாக்குக்குக் கனம் அதிகம், நாற்காலி முறிந்தது.

இரண்டு வருடத்தில் லிஃப்ட் அவளை மட்டும்தான் தூக்கியது. மற்றவர்கள் மூச்சிரைக்கப் படியேறி, ஒவ்வொரு தளத்திலும் நின்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். மேலாளர் கூப்பிட்டு, "மாசக் கடைசியோட நின்னுக்கோங்க" என்றார். அது அறிவுரை இல்லை என்பதால் எடை கூடவில்லை. அன்று அவள் லிஃப்டுக்குள் அழுதுகொண்டே தனியாக மேலும் கீழும் போய்வந்தாள்.

புருஷன் விசாரித்து வேறொரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா கேள்வியாகவே கேட்டார்.

"மாசா மாசம் வருதா? எந்த வயசிலேர்ந்து இப்படி? வீட்ல யாருக்காவது சர்க்கரை இருக்கா?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. கேள்விக்கு எடையில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு இல்லை என்று உறுதி செய்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள்.

"சினைப்பையில குட்டிக் குட்டியா தெரியுதே, முழுசா வளராம நின்ன முட்டைப்பைங்க. நீர்க்கட்டின்னு சொல்வாங்க, பேருதான் பயமுறுத்தும். ஆண் ஹார்மோன் கொஞ்சம் தூக்கலா இருக்கு, இன்சுலின் சரியா வேலை செய்யல. அதான் முடி, அதான் எடை."

"அப்போ என் சோம்பேறித்தனம் இல்லையா, டாக்டர்?"

"இல்லவே இல்ல."

அவள் நின்றிருந்த எடை இயந்திரத்தின் முள் மூன்று கிலோ கீழே விழுந்தது. புருஷன் குனிந்து முள்ளைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "இத்தனை நாளா நான் ஏன் கேக்கல?" என்றான்.

வியாதி அத்தோடு போய்விடவில்லை. கூடவே இருக்கும், கவனித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அறிவுரை கூடாதே! அவள் அதைச் சொன்னதும் மருத்துவர் சற்று யோசித்து, "சாயங்காலம் அரைமணி நடக்கத் தோதுப்படுமா? இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றாள். மாதவிலக்கு மெல்ல ஒழுங்குக்கு வந்தது. தாடை முடி மட்டும் பிடிவாதமாக நின்றது, அவளும் விட்டுவிட்டாள்.

கெடு முடியுமுன்பே லிஃப்ட் மறுபடி ஆட்களைத் தூக்கத் தொடங்கியதும் மேலாளர், "நீங்களே இருந்துக்கிறீங்களா?" என்றார். கட்டடத்தில் எல்லாருக்கும் எதையும் கேள்வியாகவே கேட்டுப் பழகிவிட்டது. போன மாதம் ஏழாம் மாடியில் தீப்பிடித்தபோதுகூட ஒலிபெருக்கியில் மேலாளரின் குரல், "எல்லாரும் கொஞ்சம் படியில இறங்கினா என்ன?" என்றுதான் வந்தது. நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் இறங்கினார்கள்.