திருத்தியவர்: சிவதர்சினி

பேராசிரியர் குகதாசன் நல்ல மனிதர்தான். என்ன, அச்சில் வராத எதையும் எழுத்தென்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

"வலைப்பதிவை ஆய்வெண்டு எப்பிடிப் பிள்ளை எடுக்கிறது? ஆரும் நிபுணர் பார்த்துத் திருத்தினவரோ?"

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பதவியுயர்வு நேர்முகத்தில் விரிவுரையாளர் சுரேகாவிடம் அவர் கேட்ட கேள்வி அது. அச்சேறிய கட்டுரைகள் அவளிடம் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம், வன்னியில் காணி வைத்திருந்தவர்களையும் அந்தக் காணியில் கூலிக்கு நின்றவர்களையும் பற்றி ஐந்து வருடமாக இணையத்தில் எழுதியவை. அவற்றைத் தள்ளினால் பதவியும் தள்ளிப்போகும்.

"ஓம் சேர், ஒரு அக்கா திருத்தினவா," என்று தொடங்கினாள்.

கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த அவள் அப்பா மாயாண்டி, மல்லாவியில் யாழ்ப்பாணத்து இளையதம்பி வீட்டில் வேலைக்கு நின்றவர். "இந்த ரெண்டு ஏக்கரும் ஐயா போட்ட பிச்சை" என்பார். ஒவ்வொரு விதைப்புக்கும் அந்த வீட்டு வாசல் படலையில் போய்க் கும்பிட்டு நன்றி சொன்ன பிறகுதான் வயலில் இறங்குவார். ஐயா செத்த பிறகும் அதை விடவில்லை. மகளும் அதை அப்படியே நம்பி, நல்ல முதலாளிகளும் இருந்தார்கள் என்று ஒரு பதிவு எழுதினாள்.

மூன்றாம் நாள் அதன் கீழே இளையதம்பியின் மகள் சிவதர்சினி தன் முழுப்பெயரோடு எழுதியிருந்தாள். சுரேகா அதை நேர்முகக் குழுவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"இது பிழை. காடு வெட்டின மாயாண்டி ஐயாவின்ர பேரிலதான் அரசாங்கக் கச்சேரி காணி பெர்மிட் குடுத்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது எண்டு எங்கட அப்பா அதை வாங்கி ஒளிச்சு வைச்சிட்டு, தான் குடுத்த காணி எண்டு சொன்னவர். இடம்பெயர்ந்து ஓடேக்கையும் சொப்பிங் பையில சுத்திக் கொண்டு திரிஞ்சவர். இப்ப எங்கட அலுமாரியில கிடக்கு. வந்து எடுங்கோ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை அறைக்குள் அப்படியே நின்றது.

"அவா என்ன படிச்சவா?" என்றார் பேராசிரியர், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"ஏ.எல். மட்டும்தான் சேர். ஆனா இந்த விசயத்தில அவாவை விடத் தெரிஞ்ச ஆள் இப்ப ஒருத்தரும் இல்லை."

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து குழுவுக்கு வந்திருந்த பேராசிரியை விமலேஸ்வரி அப்போதுதான் வாய் திறந்தார். "என்ர கட்டுரையளைத் திருத்தின நிபுணர் ஒருத்தரும் பெத்த தகப்பனைக் காட்டிக் குடுத்துத் திருத்தேல்லை, சேர்."

குகதாசன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். பிறகு படிவத்தில் 'ஆய்வு' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். "திருத்தினவரின்ர பேரும் போடவேணும். முழுப்பேரைச் சொல்லும்."

வெளியே வந்ததும் சுரேகா சிவதர்சினிக்குத்தான் முதலில் போன் எடுத்தாள்.

"அக்கா, ஏற்றுக்கொண்டிட்டினம். எல்லாம் உங்களாலதான். நன்றி எண்டு சொன்னாக் காணாது."

சிவதர்சினி இடைமறித்தாள்.

"எனக்கு நன்றி சொல்லாதை சுரேகா. உங்கட அப்பா நாப்பது வருசமாச் சொன்ன நன்றியையே எப்பிடித் திருப்பித் தாறதெண்டு தெரியாமல் இருக்கிறன்."