தொட்டியம் போகாத கார்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் எங்கள் காரின் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன். பேசிவைத்தபடி நடந்திருந்தால் அந்த நேரத்துக்குக் கார் முசிறியைத் தாண்டியிருக்கும். அதுவோ ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பொட்டலில், பின்சக்கரங்கள் இல்லாமல் நாலு மரக்கட்டைமேல் நின்றது. வில்லாக வளைந்த பட்டைகள், ஒரு பக்கத்துக்கு ஏழு, பெரிசிலிருந்து சின்னது வரை. பழைய வேட்டித் துணியை முக்கி, வருஷக்கணக்காக ஏறியிருந்த சேற்றையும் கிரீஸையும் துடைத்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்துச் சாக்கில் வரிசையாக வைத்தேன். என் வீட்டுக்காரர் சொல்லித்தந்த முறை அது. பதினாலு பட்டையும் என் கை வழியாகப் போனது. இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை மாம்பழச்சாலைத் திருப்பத்தில் ஆக்ஸில் ஷாப்ட் ஒடிந்துபோனது. எஞ்சின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டுதான் அது. ஒடிந்துவிட்டால் எஞ்சின் பாட்டுக்கு உறுமும், வண்டி நகராது. என் வீட்டுக்காரர் ஒரு ஜோடி மாட்டைப் பிடித்து, பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரத்தைச் சுற்றி, நாலு பேர் சிரிக்க இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டியைப் பட்டறையில் விட்டதே கிடையாது, எதுவானாலும் தானே படுத்துக் கழற்றுவார். மாற்று ஷாப்ட் ஒன்றும் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

பவுனைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. பவுனு என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் அழகர்சாமிக்குத் தொட்டியத்தில் வாழைத்தோட்டம். அவருடைய சம்சாரம் பிரசவத்தில் போனபோது, பிறந்து மூன்று நாளான பிள்ளையைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவள் எங்களுக்கு எட்டு வருஷப் பிள்ளை. இவரை அப்பா என்பாள், அவரைத் தொட்டியத்து அப்பா என்பாள். சித்திரையில் அவர் வந்து உட்கார்ந்து, பிள்ளையை இனி தன்னோடு வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அங்கே சேர்க்க வேண்டும் என்றார். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாத மனுஷன் இவர். நானே கார்ல கொண்டாந்து விடறேன்ணே என்று சொல்லிவிட்டார். அந்த நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

புதன் சாயங்காலமே சக்கரத்தைக் கழற்றினார். வியாழன் முழுக்க, பட்டைகளை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடித்திருந்த யு போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினார். நட்டெல்லாம் துரு பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் தட்டி, மறுபடி ஊறவைத்து, ஒரு நட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர் முகத்தில் எரிச்சலே இல்லை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை. வேலை அவ்வளவு பெரிசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு முகம்மது கனி பாய் சைக்கிளில் வந்தார். பாலக்கரையில் லாரி மெக்கானிக், இவருக்குப் பழைய சிநேகிதர். ஸ்டாண்டில் கார் இல்லையே என்று விசாரிக்க வந்தவர், சாக்கில் பரத்தியிருந்ததைப் பார்த்து நின்றார்.

"என்னா வீரமலை, பொண்ணுக்குச் சீர் பரப்புன மாதிரி பரப்பி வச்சிருக்க? ஷாப்டுதானேப்பா ஒடிஞ்சுது?"

"ஆமாம் பாய்."

"நாலு நட்ட எடுத்தா சக்கரத்துப் பக்கமாவே உருவிக்கிட்டு வந்துருமே. உள்ள மாட்டுன துண்டக் கம்பி விட்டு இழுத்தா முடிஞ்சுது. அரை நாள் வேலை. பட்டைய எதுக்கு எறக்குன?"

இவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பட்டையில விரிசல் இருக்கு பாய்."

"எதுல?"

என் கட்டைவிரலில் மண்ணெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. பதினாலில் ஒன்றில்கூட மயிரிழை விரிசல் கிடையாது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"ரெண்டாவது பட்டையில பாய்" என்றேன். "கழுவுறப்ப நான்தான் பாத்தேன்."

பாய் குனிந்து அந்தப் பட்டையை எடுத்துப் பார்க்கவில்லை. வாசற்படியில் பவுனுடைய தகரப்பெட்டி இருந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பச் சரிதாம்மா. விரிசல் பட்டையோட அவ்வளவு தூரம் போகப்படாது" என்று சொல்லி சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை ஆக்ஸிலையே மொத்தமாக வெளியே உருட்டினார். ஒரு முனையை நான் பிடித்தேன். கழற்றக் கழற்ற எனக்கு இன்னும் கழற்ற வேண்டும்போல இருந்தது. எஞ்சினையும் இறக்கிவிடுங்களேன் என்றுகூட வாய்வரை வந்தது. பவுனு பெட்டியைத் திறந்து புதுப்பாவாடையை எடுத்து உடுத்திக்கொண்டாள். நான் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அழகர்சாமி மாமா ஒரு ரஸ்தாளித் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளி, சனி இரண்டு நாளும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். காரைச் சுற்றி வந்து, அய்யோ பாவம் என்று உச்சுக்கொட்டினார். அவருக்கு வாழையைத் தெரியும், காரைத் தெரியாது. என் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எட்டு வருசமா அது மொகத்தப் பாக்கவே பயந்தேன் தாயி. அப்படியே அவ அம்மா மொகம். இப்பப் பயமில்ல."

அவரை வெறுக்க எனக்கு ஒரு காரணமாவது வேண்டியிருந்தது. அவர் தரவில்லை.

"காரு கெடக்கட்டும்டா தம்பி, மெதுவாப் பாரு. பதினோரு மணி பஸ்ஸுல நாங்க போயிக்கிறோம்" என்றார்.

பஸ். நாலு நாளாக நட்டுநட்டாகக் கழற்றிய எங்கள் இரண்டு பேருக்கும் பஸ் என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை.

இவர் சரிண்ணே என்றார். சொல்லிவிட்டு வேறொரு சாக்கை விரித்துக் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் பவுனுக்குத் தலைவாரி, பழையசோறு பிசைந்து ஊட்டினேன். பஸ் நிறுத்தத்துக்கு வரவேண்டாம், பிள்ளை அழும் என்று மாமா கேட்டுக்கொண்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காரருகே நின்று, கிளம்பறோம்டா என்று குரல் கொடுத்தார்.

"நட்டப் புடிச்சிருக்கேன்ணே, கைய எடுக்க முடியல. போயிட்டு வாங்க" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

பவுனு புதுப்பாவாடை மண்ணில் புரளக் குந்தி உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"அப்பா, கார் ரெடியானதும் வந்து என்னைக் கூட்டிக்கிட்டு வந்துரு, என்னா?"

"ம்."

அவர்கள் நடந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். அங்கே பிடிப்பதற்கு நட்டே இல்லை. எல்லாம் வெளியே சாக்கில் கிடந்தது. அவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே தெரிந்த கார்த்தகரத்தைப் பார்த்துக் கிடந்தார். நானும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து அவர் பக்கத்தில் படுத்தேன். கொஞ்சம் நகர்ந்து சாக்கில் எனக்கும் இடம் விட்டார்.

அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் போகிற கால்கள் மட்டும்தான் தெரியும். மாமாவின் வெடித்த குதிகால்கள் முன்னால் போயின. பின்னால், ஓட்டமும் நடையுமாக இரண்டு சின்னக் கால்கள். பூவரச மரத்தண்டை போனதும் சின்னக் கால்கள் நின்றன. விரல்கள் எங்கள் பக்கம் திரும்பின. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் கிடந்தோம்.