தப்பு என்று சொல்லாத வகுப்பு

பெரும்பாக்கம் குடியிருப்புப் பெண்களுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுத்தர எங்கள் கல்லூரி என் வகுப்புத் தோழன் எபியை அனுப்பியது. மைக் பிடிக்க என்னையும். கற்பவர் மனம் கோணக் கூடாது என்பது விதி. 'தப்பு' என்று சொன்னால் எங்களுக்குச் சான்றிதழ் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் கைதட்ட வேண்டும்.

"காசைப் பெருக்க என்ன பண்ணலாம்க்கா?" என்று எபி கேட்டான்.

ஜெயக்கொடி அக்கா எழுந்தார். "செயின அடகு வச்சி, ஆறு மாசத்துல டபுள் ஆவுற ஸ்கீம்ல போடப் போறேன். இன்னிக்கே கட்டணுமாம்."

எபி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைதட்டினான். "அருமையான பங்கேற்பு! எல்லாரும் தட்டுங்க!"

கூடமே தட்டியது. பூரித்துப்போன அக்கா, வகுப்பு முடிந்ததும் நேராக அடகுக் கடைக்குக் கிளம்பினார். வாசலில் எபி மறித்தான்.

"போடாதீங்கக்கா, அது ஏமாத்து வேலை."

"உள்ள கை தட்டிக்கினு, வெளில வந்து இப்டி சொல்றியே?"

"உள்ள சொன்னா சர்டிபிகேட் தர மாட்டாங்கக்கா."

"அடப்பாவி! உன் பேப்பருக்கோசரம் என் செயினு போவணுமா?" திட்டிக்கொண்டே அக்கா செயினோடு வீட்டுக்குத் திரும்பினார்.

மாலையில் கல்லூரி ஒருங்கிணைப்பாளர், ஜெயக்கொடி அக்காவிடம் போனில் கருத்துக் கேட்டார்.

"கிளாஸ் வேஸ்ட்டு சார். வாசல்ல சொல்லிக் குடுத்ததுதான் சூப்பரு."

மறுநாளே விதியைத் திருத்திவிட்டார்கள். இனி வாசலிலும் கைதட்ட வேண்டும்.