சொல்லாமல் கடந்த பதினான்கு மாதங்கள்

சுடலைக்கண்ணனுக்கு வயது இருபத்தொன்பது. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். ஏ.சி. மெக்கானிக். வாஷியிலும் செம்பூரிலும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய் சர்வீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருடமாக வேலை. ஒரு நாளைக்கு ஆறு வீடு. ஆறு வீட்டிலும் அவன் தலை குனிந்து, ஒரு தடவை பாத்ரூம் போகலாமா என்று இந்தியில் கேட்க வேண்டியிருந்தது: "மேடம், ஏக் பார் பாத்ரூம் யூஸ் கரூம்?"

சில வீடுகளில் சரி என்பார்கள். சில வீடுகளில் கீழே வாட்ச்மேன் போகிற கக்கூஸுக்கு வழி காட்டுவார்கள். பதினோராவது மாடியிலிருந்து இறங்கிப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சொட்டு விட்டு, மறுபடி லிஃப்டுக்குக் காத்து நின்று மேலே வருவான். அரை மணி நேரத்தில் திரும்பவும் முட்டும். வாஷியில் ஒரு பெண்மணி கம்பெனிக்கே போன் செய்து, உங்கள் ஆள் ஏ.சி.யை விட பாத்ரூமைத்தான் அதிகம் பார்க்கிறான் என்று புகார் சொன்னாள். மறுநாளிலிருந்து அவன் வேலைக்குக் கிளம்புமுன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான்.

இதெல்லாம் பின்னால் வந்தது. முதலில் வந்தது ரத்தம்.

கல்யாணமாகி ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் அம்மா பேராச்சி இட்லி மாவு பாக்கெட்டுகளைக் கடைகளுக்குக் கொடுக்கப் போயிருந்தாள். ஒரே அறை கொண்ட அந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் வாய்க்கிற நேரம் அவ்வளவுதான். மாரிசெல்வி எழுந்து குளிக்கப் போன பிறகு, அவன் தன் கைலியைப் பார்த்தான். மூத்திரத்தில் வந்த ரத்தம் அல்ல அது. விந்தோடு கலந்து, துருப்பிடித்த மாதிரி ஒரு நிறம். அவள் வருவதற்குள் கைலியைக் கசக்கி அலசிக் கொடியில் போட்டான். அடுத்த முறையும் அப்படித்தான் வந்தது. அதற்கடுத்த முறையும்.

யாரிடமும் சொல்லாததற்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது. இருபத்திரண்டு வயதில், கூட வேலை பார்த்தவர்களோடு ஒரே ஒரு முறை, காசு கொடுத்தால் பெண் கிடைக்கும் ஒரு தெருவுக்குப் போயிருந்தான். அந்த ஒரு முறைதான் இப்போது ரத்தமாக வருகிறது என்று முடிவு கட்டிக்கொண்டான். டாக்டரிடம் போனால் அது வெளியே வரும். வந்தால் மாரிசெல்வி முகத்தில் எப்படி விழிப்பது?

ஹார்பர் லைன் ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, குர்லாவில் 'ரகசிய நோய்'களுக்கு மருந்து கொடுக்கும் ஒருவரிடம் போனான். அந்த ஆள் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சின்ன வயதில் செய்த தப்பு," என்று மட்டும் இந்தியில் சொல்லிவிட்டு, ஒரு டப்பா பொடியை எடுத்து வைத்தார். தான் நினைத்ததையே அவரும் சொன்னதில் சுடலைக்கண்ணனுக்குச் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. பொடி டப்பாவை டூல் பையின் அடியில் ஸ்பானர்களுக்குக் கீழே ஒளித்து வைத்து, ஐந்து மாதம் தின்றான். ரத்தம் நிற்கவில்லை. எரிச்சல்தான் கூடியது.

அதே மாதங்களில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. குழந்தை இல்லை என்று பேராச்சி பேச ஆரம்பித்திருந்தாள். மாட்டுங்காவில் ஒரு பூஜை சாமான் கடையில் பில் போடும் மாரிசெல்வியை லீவு போட வைத்து, லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன், ரத்தம், கடைசியில் கருக்குழாயில் மருந்து செலுத்திப் பார்க்கும் டெஸ்ட். அந்த டெஸ்ட் முடிந்து வந்த அன்று மாரிசெல்வி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை சுருண்டு கிடந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, இனி கணவருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"எனக்கு என்ன குறை? ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றான் சுடலைக்கண்ணன், அம்மாவுக்குக் கேட்கும்படி.

"அவனுக்கு ஒரு குறையும் கெடையாது. எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாது," என்றாள் பேராச்சி. அந்த வாரமே கோவண்டியில் இருந்த சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டு, உங்கள் மகளுக்கு வயிறு சரியில்லை என்றும் சொல்லிவிட்டாள். போனில் பேசுவது அவன் காதில் விழுந்தது. சும்மா இருந்தான்.

செம்பூரில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஏ.சி. மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாம் அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகி, உடம்பு காய்ச்சலில் நடுங்கியது. கூட வந்திருந்த இஜாஸ் அவனை ஏணியிலிருந்து பிடித்து இறக்கினான்.

"என்ன மாப்ள, என்ன செய்யுது?"

"ஒண்ணுக்குப் போக முடியல, இஜாஸ். செத்துருவேன் போலிருக்கு."

இஜாஸ் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஆட்டோ பிடித்து முனிசிபல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அங்கே ட்யூப் போட்டு மூத்திரத்தை எடுத்தபோது சுடலைக்கண்ணன் வலி குறைந்ததற்காகவும், அந்நியர்கள் நாலு பேர் முன்னால் அப்படிக் கிடந்ததற்காகவும் சேர்த்து அழுதான்.

வார்டில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் கிழவர்கள். எதிர்க்கட்டில் மராத்திக்காரர் அவனுடைய சார்ட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா, தம்பி?" என்று இந்தியில் கேட்டார். அவர் பரிதாபப்பட்டுத்தான் கேட்டார். இவன் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டான்.

மாரிசெல்வி கடையிலிருந்து நேராக வந்தாள். கட்டிலின் பக்கத்தில் தொங்கிய மூத்திரப் பை நிரம்பியிருந்ததைப் பார்த்தாள். நர்ஸிடம் எப்படிக் காலி செய்வது என்று கேட்டு, அவளே வாளியில் திறந்து விட்டாள். அவன் "விடு, விடு" என்றதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தனா ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதற்குள் சீழ் கட்டியிருக்கிறது, இந்த வயதில் இது அபூர்வம் என்றார். பிறகு கேள்விகள். எத்தனை நாளாக எரிச்சல்? காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? கடைசியாக, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "விந்தில் ரத்தம் வந்திருக்கிறதா?" என்றார்.

"இல்ல மேடம்," என்றான்.

"வந்திருக்கு மேடம்," என்றாள் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து மாரிசெல்வி. "பதினாலு மாசமா வருது."

டாக்டர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதிக்கொண்டார். அன்று மத்தியானமே ஊசி வழியாகச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சுடலைக்கண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாளும் கைலி தொவைக்காத மனுசன் தானா தொவைச்சுக் காயப்போட்டா, எதுக்குன்னு பாக்க மாட்டனா?"

"கேட்டிருக்கலாம்லா?"

"நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். பெறவு பயம் வந்துட்டு. எங்கயோ போயி எதையோ வாங்கிட்டு வந்துட்டியளோன்னு." அவள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினாள். "நானே போயி ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன். ஒண்ணும் இல்லன்னுட்டாவ."

"தனியாவா போன?"

"வேற யாரக் கூட்டிட்டுப் போவேன், அத்தையவா?" ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கருக்குழாய் டெஸ்ட்டுக்குப் போற அன்னிக்காவது வாயத் தொறப்பியன்னு நெனச்சேன்," என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவள் ரயில் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ட்யூப் இழுத்து வலித்தது.

மூன்று நாளில் ரிசல்ட் வந்தது. டி.பி.

"நுரையீரலுக்குத்தானே மேடம் டி.பி. வரும்?"

"எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். உங்களுக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது," என்றார் வந்தனா. "வீட்டில் யாருக்காவது இருந்ததா?"

அவனுடைய அப்பா ஆறுமுகநயினார் இருமி இருமிச் செத்தபோது அவனுக்குப் பதினோரு வயது. அதைச் சொன்னான். பிறகு, மாரிசெல்வி மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, அந்தத் தெருவைப் பற்றியும் சொன்னான்.

"அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் ஹெச்.ஐ.வி. ரிப்போர்ட்டும் சுத்தம்," என்றார் டாக்டர். "இது மூச்சுக் காற்றில் வந்தது. ஆறு மாதம் மாத்திரை. ஆனால் ஒரு வருடத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால் சீழ் கட்டும் வரை போயிருக்காது. விந்து வரும் குழாய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மாத்திரை முடிந்த பிறகுதான் பார்க்க முடியும். குழந்தை தள்ளிப்போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்."

குற்றமில்லை என்று கேட்டால் மனசு லேசாகும் என்று அவன் நினைத்திருந்தான். லேசாகவில்லை. நோய் அவன் தப்பால் வரவில்லை. அதை மறைத்ததும், பழியை இன்னொருத்தி தலையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்ததும் முழுக்க அவனுடையவை.

அப்படியும் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கிட்னியில் கல் என்றுதான் சொன்னான். மாரிசெல்வி மறுத்துப் பேசவில்லை. மாத்திரையில் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. பொதுக் கக்கூஸில் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போனான்.

பதினைந்து நாள் கழித்து, மாவு பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டே பேராச்சி சொன்னாள்: "செம்பூர்ல ஒரு லேடி டாக்டர் இருக்காளாம். ஊசி போட்டா தங்குமாம். செல்வி, வர்ற சனிக்கெழம லீவு சொல்லிரு."

மாரிசெல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சுடலைக்கண்ணன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ எங்கயும் வர வேண்டாம்மா. கொறை எனக்குத்தான்."

"கல்லு வந்தவனுக்கெல்லாம் புள்ள பொறக்கலையால?"

"கல்லு இல்லம்மா. டி.பி. கீழ, ஆம்பளைக்கு இருக்கிற இடத்துல. விந்துல ரத்தம் வந்துச்சு."

பேராச்சி எழுந்து கதவைச் சாத்தினாள். டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். "மெதுவாப் பேசுல. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு."

"டாக்டரு அப்பவே என்னையும் டெஸ்ட் பண்ணச் சொன்னாவ. நாந்தான் மாட்டேன்னேன். ரத்தம் வருதுன்னு தெரிஞ்சேதான் மாட்டேன்னேன்."

பேராச்சி மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்த."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நா அம்புட்டுப் பேசினனே."

"ஒங்க மவன் சொல்லாதத நா சொன்னா நம்பியிருப்பியளா?"

பேராச்சி ரப்பர் பேண்டை எடுத்து மறுபடி பாக்கெட் கட்ட உட்கார்ந்தாள். ரெண்டு பாக்கெட்டில் மாவு வழிந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மாரிசெல்வி அவனிடம் ஒன்று மட்டும் கேட்டாள். "எங்கம்மாட்டயும் நீங்களே சொல்லணும். போன்ல இல்ல. நேர்ல."

சனிக்கிழமை இருவரும் கோவண்டிக்குப் போனார்கள். மாமியார் முத்துப்பேச்சி ஒரு ஆபீஸில் துப்புரவு வேலை பார்ப்பவள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். மாப்பிள்ளை வந்திருக்கிறாரே என்று டீ போட்டு, பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி வைத்தாள். அவன் டம்ளரைத் தொடாமலே சொல்லி முடித்தான். வழியில் யோசித்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வரவில்லை. எனக்கு நோய், மறைத்துவிட்டேன், உங்கள் மகள் மேல் ஒரு குறையும் இல்லை, அவ்வளவுதான்.

முத்துப்பேச்சி பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அந்த டெஸ்ட்டு, ரொம்ப வலிக்குமாமே? அன்னிக்கு நீங்க கூடப் போனியளா, மாப்ள?" என்றாள்.

"இல்ல அத்த."

"சரி," என்றாள் அவள். "டீ ஆறுது. குடிங்க."

ஆறு மாதம் மாத்திரையை ஒரு நாள் விடாமல் தின்றான். சீழ் வற்றியது, எரிச்சல் போயிற்று, எடை நாலு கிலோ ஏறியது. விந்துப் பரிசோதனைக்கு அவனே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் போனான். எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை, இன்னும் மூன்று மாதம் பொறுத்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார் வந்தனா.

மாரிசெல்வி ரிப்போர்ட்டை வாங்கி ரெண்டு முறை படித்தாள். அவனை மன்னித்துவிட்டதாக அவள் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. அவனும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "மூணு மாசம் கழிச்சுன்னா என்ன தேதி?" என்று கேட்டாள். அவன் சொன்ன தேதியை, லீவு கேட்க வேண்டும் என்று, தன் போனில் குறித்துக்கொண்டாள்.